அந்துருண்டை இல்லாத வீடு

பிப்ரவரி 18

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய, போனை எடுக்காத அக்காவுக்கு,

வாலு எழுதுவது. அம்மாவின் நம்பரைத் தடை செய்தாய், சரி. அப்பாவுடையதைக்கூட விட்டுவிடலாம். என்னுடையதை ஏன் செய்தாய்? உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் செருப்புக்குள் ஐஸ்கட்டி வைத்தேனே, அந்த வழக்குக்கு இப்போதுதான் தீர்ப்பு வருகிறதா?

வேறு வழியில்லாமல் காகிதம் எடுத்திருக்கிறேன். இதை அம்மா வேலை பார்க்கும் தபால் நிலையத்தில் போடவில்லை. அப்பாவின் பஸ் டிப்போ வாசலில் இருக்கும் பெட்டியில் போடுகிறேன். "எந்தப் பொட்டியில போட்டாலும் உங்கம்மா கையில முத்திரை வாங்கிட்டுத்தான்டா போகும்" என்கிறார் அப்பா. எனவே முகவரியை இடது கையால் எழுதியிருக்கிறேன். கோழி கிறுக்கினது மாதிரி இருந்தால், அந்தக் கோழி நான்தான்.

இங்கே டிவி ஓடுகிறது, ஆனால் யாரும் டிவியைப் பார்ப்பதில்லை. டிவிதான் எங்களைப் பார்க்கிறது. அப்பா டிப்போவிலிருந்து வந்ததும் கிரீஸ் போகக் கை கழுவுவாரே, இப்போது கழுவிக்கொண்டே இருக்கிறார். பேசாமல் இருக்க அவருக்கு அது ஒரு வழி. அம்மாவிடம் என்ன கேட்டாலும் "சாப்பிட்டியா?" என்று பதில் கேள்வி கேட்கிறாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: உன் பிள்ளைக்கு, அதாவது என் மருமகனுக்கு, மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் ரத்தத்தையே மாற்றினார்கள், பிழைத்துவிட்டான். பிழைத்துவிட்டான் என்றால் எல்லாரும் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? இழவு வீடு மாதிரி ஏன் இருக்கிறது?

அம்மா அனுப்பச் சொன்ன என் குழந்தைத் துணிப் பெட்டி வந்ததா? அதை லாரி ஆபீசுக்குச் சுமந்தவன் நான். உள்ளே ஒரு சீட்டு குத்தியிருந்தேன்: "முன்னாள் உரிமையாளர்: தாய்மாமன். பழைய ஈரங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." அதற்காவது சிரித்தாயா?

உன்
வாலு

பிப்ரவரி 27

வாலுக்கு,

பெட்டி வந்தது. உன் சீட்டைப் படித்து அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்கு முடியவில்லை.

திறந்ததும் ஒரு வாசனை வந்தது. பழைய அலமாரி வாசனை, சின்ன வயதின் வாசனை. பிள்ளை பெற்ற உடம்பு எதற்கெடுத்தாலும் அழும், எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நான் என்ன வேலை பார்க்கிறேன்? ஒரு சட்டையில் நூல் பிசிறினால் கட்டோடு திருப்பி அனுப்புவேன். அப்படிப்பட்டவள் அந்தத் துணியை முகத்தில் வைத்து இழுத்து இழுத்து மோந்தேன். "எங்க வீட்டு வாசனை" என்று உன் அத்தானிடம் காட்டினேன். பேருக்கு ஒருமுறை அலசிவிட்டு, நீலப்பூ போட்ட சட்டையை நானே என் பிள்ளைக்குப் போட்டேன். அதன் மேல் உன் பழைய போர்வையையும் சுற்றினேன்.

பிறகு அவன் மஞ்சளானான். எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான் என்றார்கள். அடுத்த நாள் உள்ளங்கால் வரை மஞ்சள். பால் குடிக்கவில்லை. வில் மாதிரி முதுகை வளைத்தான்.

டாக்டர் கேட்டார்: "துணியில அந்துருண்டை போட்டு வச்சிருந்தீங்களா? பூச்சி வராம இருக்க வெள்ளையா உருண்டை போடுவாங்களே?" உருண்டை எதுவும் உள்ளே இல்லை, நெடி மட்டும்தான் இருந்தது என்றேன். "உங்க அம்மா வீட்டுல ஆம்பளைப் பிள்ளைங்க யாருக்காவது மாத்திரை சாப்பிட்டு ரத்தம் உடைஞ்சிருக்கா?" இல்லை என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. உனக்கு ஏழு வயது. காய்ச்சலுக்கு ஏதோ மாத்திரை கொடுத்த பிறகு பால் ஊற்றாத டீ மாதிரி ஒன்றுக்குப் போனாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் "நான் டீக்கடை வைக்கப் போறேன்" என்று தெரு முழுக்கப் பெருமை அடித்தாய். அம்மா எங்களிடம் சொன்னது ஒரே வரி: மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை.

நான் டாக்டரிடம் அதைச் சொன்னபோது என் மாமியார் பக்கத்தில் நின்றிருந்தார். "கல்யாணப் பேச்சப்ப உங்கம்மாகிட்ட நான் வாய்விட்டுக் கேட்டேன். குடும்பத்துல சீக்கு ஏதாவது உண்டான்னு. ஒரு தும்மல்கூடக் கிடையாதுன்னாங்களேம்மா?" என்றார். கத்தவில்லை, கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒன்றுதான் கேட்கிறேன். அம்மாவுக்குத் தெரியுமா? தெரியும், தெரியாது, இரண்டில் ஒன்றை எழுது. ஜோக் வேண்டாம்.

அக்கா

மார்ச் 9

அக்கா,

ஜோக் வேண்டாம் என்பது எனக்கு மூச்சு விடாதே என்பது மாதிரி. முயல்கிறேன்.

உன் கடிதம் அம்மா கையில்தான் வந்தது. உன் எழுத்து அவளுக்குத் தெரியாதா என்ன? பிரிக்காமல் கொண்டுவந்து என் டீ கிளாசுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள்.

முதலில் எங்கள் உயிரியல் வாத்தியாரிடம் போனேன். எதற்கும் "ஆகவே" போடுவதால் அவர் பெயர் ஆகவே சார். "ஆக்ஸிஜன் ரொம்ப நல்லவன்னு நினைக்கிறீங்க. ஆகவே ஏமாறுறீங்க. இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது யாரு? நறுக்கின ஆப்பிளைக் கறுக்க வைக்கிறது யாரு? அதே ஆளுதான்டா உள்ளேயும் இருக்கான்" என்றார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். உடம்பில் ஆக்ஸிஜன் வேலை பார்க்கும்போது அதில் கொஞ்சம் தறிகெட்டு ஓடும். எதிர்ப்பட்டதைக் கடிக்கும். அதனால் ஒவ்வொரு உயிரணுவுக்கும் உள்ளே காவல் உண்டு. என்சைம்கள்தான் காவல்காரர்கள். ஒருவன் தறிகெட்டதைப் பிடித்து பெராக்சைடாக மாற்றுவான். அதுவும் விஷம்தான், ஆனால் விலங்கு மாட்டிய விஷம். அடுத்தவன் பெயர் கேட்டலேஸ். அந்த விஷத்தைத் தண்ணீராகவும் சாதா ஆக்ஸிஜனாகவும் உடைத்துவிடுவான். புண்ணில் மருந்து ஊற்றினால் புஸ்ஸென்று நுரைக்குமே, அது இவன் கைவரிசை. இன்னொருவன் குளுட்டதயோன் என்ற கத்தியோடு நிற்பான். ஒரு வெட்டுக்கே கத்தி மழுங்கிவிடும். உடனே சாணை பிடிக்க வேண்டும். சாணைச் சக்கரம் சுற்றுவதற்கென்று ஒரு என்சைம் இருக்கிறது. அதுதான் என் உடம்பில் நோஞ்சான்.

மற்ற அணுக்கள் வேறு வழியில் சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளும். சிவப்பணுவுக்கு அந்த வழி இல்லை. இடம் வேண்டுமென்று உட்கருவையே கழற்றி எறிந்த ஜாதி அது. தலைமை அலுவலகம் இல்லாத கிளை, புது ஆளை வேலைக்கு எடுக்க முடியாது. ஊருக்கெல்லாம் ஆக்ஸிஜன் சுமக்கிறவனுக்கே ஆக்ஸிஜனிடமிருந்து பாதுகாப்பு குறைச்சல். சும்மா இருக்கும் நாளில் சமாளிப்பான். சில மாத்திரைகளோ அந்துருண்டை நெடியோ உள்ளே போனால் கலவரம். கத்தியெல்லாம் மழுங்கி, சிவப்பணு உடைந்து மஞ்சள் கொட்டும். அதைக் கழுவப் பச்சைக் குழந்தையின் கல்லீரலுக்கு இன்னும் கை வரவில்லை.

"நொதி இல்லாதவனுக்கு நாதி இல்லையா சார்?" என்றேன். "ஆகவே உட்காரு" என்றார்.

இது தாய் வழியாக மகனுக்கு வருமாம். மகளுக்கும் வரலாம். பெரும்பாலும் அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவள் மகனிடம் போய் வெடிக்கும். அம்மா சொத்தில் உனக்கும் எனக்கும் சரிபாதி அக்கா. நான் அனுபவிக்கிறேன், நீ கடத்துகிறாய்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். யோசித்துப் பார், என் ஏழு வயதுக்குப் பிறகு நம் வீட்டில் எப்போதாவது அந்துருண்டை பார்த்திருக்கிறாயா? அப்பாவின் கல்யாணக் கோட்டில் பூச்சிகள் ஜன்னல் வைத்து வீடு கட்டியிருக்கின்றன. உன் பச்சை ஸ்வெட்டர் சல்லடை. அம்மா வேப்பிலை வைப்பாள், பழைய செய்தித்தாள் வைப்பாள், வெயிலில் காயப்போடுவாள், அதை மட்டும் வைக்கமாட்டாள். அந்தத் துணிப் பெட்டி எங்கே இருந்தது? அத்தை வீட்டுப் பரணில். எனக்கு ஏழு வயதானபோது அங்கே போனது. லாரி ஆபீசுக்கும் அங்கிருந்துதான் நேராக எடுத்துப் போனேன். அத்தைதான் உருண்டைகளைப் பொறுக்கிவிட்டுப் பூட்டிக் கொடுத்தாள். பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளுமாம், அவ்வளவு அக்கறை.

அம்மாவைக் கேட்டால் "சாப்பிட்டியா?" என்பாள். அதனால் என் வழியில் கேட்டேன். கடையில் ஒரு அந்துருண்டை வாங்கி, சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வரும் நேரத்துக்கு டிவி மேஜை மேல் காகிதத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவது போல நடித்தேன். (நான் வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்த்தாவது அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே நின்றாள். மூக்கு போதும் அவளுக்கு. "இது என்னடா?" என்று கேட்கவில்லை அக்கா. "யாரு வாங்கிட்டு வந்தது?" என்றுகூடக் கேட்கவில்லை. கைப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, காகிதத்தோடு அள்ளி, வாசலைத் தாண்டி, தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு வந்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினாள். விரல் இடுக்கு, நகக்கண், எல்லாம். கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் நான் அவளையே பார்ப்பதைப் பார்த்தாள்.

என் வாழ்க்கையில் இவ்வளவு கச்சிதமாகப் பலித்த குறும்பு கிடையாது. கைதட்ட ஆள் இல்லை.

தெரியும்.

வாலு

மார்ச் 19

முட்டாளே,

அதைக் கையால் எடுத்தாயா? உன் உடம்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அதையே பையில் போட்டுக்கொண்டு நடந்தாயா? இனி ஒருமுறை செய்தால் நேரில் வந்து அறைவேன்.

நேரில் வரமாட்டேன் என்பது வேறு விஷயம்.

தெரியாது என்று எழுதுவாய் என நினைத்தேன். தெரியாது என்றால் திட்டிவிட்டு, அழுதுவிட்டு, ஒருநாள் போனை எடுத்திருப்பேன். நீ அனுப்பியது அதைவிட மோசம். அவளுக்குத் தெரியும் என்பதுகூட இல்லை, எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பது. உன் நகக்கண் வரை கழுவியிருக்கிறாள். ஒரு உருண்டைக்காக வீட்டு ஜன்னலையெல்லாம் திறந்திருக்கிறாள். உனக்காக ஒரு வாசனையையே வீட்டை விட்டுத் துரத்தி, இத்தனை வருஷம் காவல் இருந்திருக்கிறாள். அதே கை என் பிள்ளைக்கு அதில் ஊறிய துணியை அனுப்பியிருக்கிறது.

உன் ஆகவே சார் காவல்காரர்களைப் பற்றிச் சொன்னார் அல்லவா? நம் வீட்டிலும் ஒரு காவல்காரி இருந்தாள். மகன் வாசலில் நின்றாள். மகள் வாசலில் யாரும் இல்லை.

ஒரு வார்த்தை போதும் வாலு. கல்யாணத்துக்கு முன்னால் வேண்டாம், பிறகு சொல்லியிருக்கலாம். மாசமாக இருந்தபோது தினமும் போன் செய்தாள். மாத்திரை போட்டியா, நடந்தியா, கால் வீங்குதா என்று கேட்டாள். அத்தனை போனில் இது ஒன்று வரவில்லை.

இங்கே என்னை யாரும் திட்டுவதில்லை. மாமியார் பாலைச் சூடாக்கித் தருகிறார். தரும்போது "பாவம், உனக்கும் சொல்லாமத்தானே கட்டிக் குடுத்திருக்காங்க" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரியிடமும் அதையே சொல்கிறார். உன் அத்தான் எனக்குப் பரிந்து பேசுவதில்லை, எதிராகவும் பேசுவதில்லை. பிள்ளையின் நாப்கினை மட்டும் மடிக்கிறார்.

இன்னொன்று. மஞ்சள் அதிகமாக ஏறினால் மூளையில் காது சம்பந்தப்பட்ட இடத்தில் போய் உட்காருமாம். முதல் பரிசோதனை சரியாக வரவில்லை. குழந்தை அசைந்துவிட்டான், மறுபடி பார்ப்போம் என்றார்கள். அடுத்தது ஏப்ரல் கடைசியில். நேற்று எவர்சில்வர் தட்டு கை தவறிக் கீழே விழுந்தது. நான் துள்ளினேன், மாமியார் துள்ளினார். அவன் கொட்டாவி விட்டான்.

தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொண்டேன்.

அக்கா

மார்ச் 30

அக்கா,

மகன் வாசல், மகள் வாசல் என்று அழகாக எழுதிவிட்டாய். நானா காவல் கேட்டேன்? மகனாகப் பிறக்க மனு போட்டேனா? எனக்காகக் கழுவிய கைக்கு நான் என்ன செய்ய வேண்டும், அழுக்காக்கிக்கொண்டு உன்னிடம் வந்து நிற்க வேண்டுமா? எனக்கும் நீ அக்கா. எனக்கும் அவன் ஒரே மருமகன். அவனுக்கு என் ரத்தம்தான் வந்திருக்கிறது. நான் அவனுக்கு வைத்திருந்தது விசில் அடிக்கக் கற்றுக்கொடுக்கும் திட்டம். அவனுக்குப் போய்ச் சேர்ந்தது இது.

கோபம் தீர்ந்தது. இல்லை, தீரவில்லை, மை தீர்கிறது.

அம்மா பேசினாள். அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார், குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நியாயம் நீயே பார்.

"அந்த டாக்டர் சொன்னாருடா. பொண்ணுக்கும் இருக்கலாம், கல்யாணம் ஆகும்போது சொல்லுங்கன்னு சொன்னாரு. நான் தலையாட்டிட்டு வந்தேன். சொன்னா யாருடா கட்டிப்பா? சீக்குக் குடும்பம்னு ஒரு பேரு விழுந்தா அவ வாழ்க்கையே போச்சு. கல்யாணம் ஆகட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஆயிடுச்சு. அப்புறம் சொன்னா ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேப்பாங்களேன்னு பயம். பயந்துகிட்டே இருந்தேன். அவளுக்குப் பொண்ணு பொறக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

"பெட்டி?" என்றேன்.

"பெட்டி உள்ள அது இருக்கும்னு நினைப்பே வரலடா. நம்ம வீட்டுல அது இல்லாமப் பழகிடுச்சு. உலகத்துல எங்கயுமே இல்லன்னு நினைச்சுட்டேன் போல."

அப்போது குழாயை அப்பா மூடினார். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நீ என்னைத் திட்டலாம். அவள் உன்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாள். காவல்காரியே கடித்துவிட்டாள்.

அவள் உன்னைப் பார்க்க வரட்டுமா என்று கேட்கச் சொன்னாள். கேட்கச் சொல்லவில்லை என்றும் சொல்லச் சொன்னாள்.

வாலு

மே 6

வாலுக்கு,

பரிசோதனை முடிந்தது. தூங்கவைத்து, தலையில் கம்பி ஒட்டி, காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் விட்டார்கள். திரையில் கோடு எழும்ப வேண்டும். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையில் நூல் பிசிறு தேடுவது போலத் தேடினேன். கோடு எழும்பவில்லை.

"காது வரைக்கும் சத்தம் போகுது. அங்கேருந்து மூளைக்குப் போற வழியில சிதறிடுது. கருவி வச்சுப் பார்க்கலாம். பேச்சு எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார்கள். உன் அத்தான் அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதார். ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில், வண்டிக்குச் சாவி போடாமல்.

அம்மா எனக்காகத்தான் பொய் சொன்னாள் என்கிறாய். இருக்கலாம். என் கல்யாணத்தைக் காப்பாற்றினாள். அதற்குள் இருக்கிற பிள்ளையைக் காப்பாற்ற மறந்தாள். நன்றி சொல்லவா? எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பெட்டித் துணி முழுவதையும் உன் அத்தான் மாடியில் வைத்து எரித்தார். நீலப்பூச் சட்டையை மட்டும் நான் கொடுக்கவில்லை. ஊறுகாய் ஜாடியில் போட்டு இறுக மூடி, தொழிற்சாலையில் என் லாக்கரில் வைத்திருக்கிறேன். வேலைக்குத் திரும்பிவிட்டேன். சில நாள் இடைவேளையில் மூடியைத் திறந்து ஒருமுறை மோந்துவிட்டு மூடுகிறேன். பிறகு முகமும் கையும் கழுவி, வேறு உடை மாற்றிக்கொண்டுதான் அவனைத் தூக்குகிறேன். அது நம் வீட்டு வாசனையே இல்லை என்று நீ எழுதியதிலிருந்து தெரியும். அது அத்தை வீட்டுப் பரண். இருந்தாலும் மோந்தால் அம்மா பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. அந்த இடத்திலேயே அவளை அடிக்க வேண்டும் போலவும் இருக்கிறது.

இதை அவளிடம் சொல்லாதே.

நீ வா. உன் பரீட்சை முடிந்ததும் வா. அங்கிருந்து ஒரு துணியும் கொண்டுவராதே, இங்கே வாங்கித் தருகிறேன். விசில் திட்டத்தை மறந்துவிடு. ஆனால் அவன் முகத்தைப் பார்க்கிறான் வாலு. யார் முகம் கோணினாலும் உற்றுப் பார்க்கிறான், வாயைப் பிளக்கிறான். உன்னிடம் இருக்கிற குரங்குச் சேட்டையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வா. அதற்குத் தடை இல்லை.

அம்மா வர வேண்டாம்.

அக்கா

மே 14

அக்கா,

இந்தக் கடிதத்தில் ஜோக் இல்லை. தேடிப் பார்த்தேன், ஸ்டாக் இல்லை.

வருகிறேன். கண்ணாடி முன்னால் நின்று முகச் சேட்டைப் பயிற்சி நடக்கிறது. மூக்கை மட்டும் தனியாக ஆட்ட வருகிறது.

உன் கடிதத்தை அம்மா வழக்கம் போலப் பிரிக்காமல் கொண்டுவந்தாள். இந்த முறை கிளாசுக்கு அடியில் வைக்கவில்லை, என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் படிக்கிற வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கடிதம் தேவைப்படவில்லை, என் முகம் போதும்.

"காது?" என்றாள்.

சொன்னேன்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருக்காளா?"

ஜாடியைப் பற்றிச் சொல்லாதே என்றாய். சொல்லவில்லை. வர வேண்டாம் என்றாய். அதையும் சொல்ல முடியவில்லை. "உடம்பைப் பாத்துக்கச் சொல்லியிருக்கா. அப்புறமா கூப்பிடறேன்னு எழுதியிருக்கா" என்றேன். உனக்கே தெரியும், வாத்தியார் முதல் பஸ் கண்டக்டர் வரை என் பொய்யில் விழாதவர் கிடையாது.

அம்மா எழுந்தாள். என் கிளாசை எடுத்துக் கழுவி வைத்தாள்.

"உனக்குப் பொய் சொல்லவே வரலடா" என்றாள். "நான் சொன்னப்ப எல்லாரும் நம்பினாங்க."

வாலு